41 வயதில் பி.காம்: முதலில் இனிஷியலைச் சரிபாருங்கள்

கேள்வி: வயது 41. 2002-ல் பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விடாமல் பி.காம் படிக்க முடியுமா? அந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?

பதில்: முடியும், செல்லும். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் இளநிலைப் படிப்புக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. மூன்று ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகள் வரை ஆற அமர முடிக்கலாம். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. தமிழ் வழியில் படிக்க விருப்பம் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். தமிழக அரசுப் பணிக்கு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முக்கியம். உங்களிடம் அது இருக்கிறது. பிளஸ் டூ எழுதாமல் நேரே பட்டம் வாங்கியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஒரே வருடத்தில் டிகிரி' என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் ஆதாரையும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருமணமான பெண்கள் பலருக்கு சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். தொலைநிலைப் படிப்பில் சேர இப்போது ஏபிசி ஐடியும் (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கின் எண்), அதை வைத்து எடுக்கும் டெப் ஐடியும் (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) கட்டாயம். ஏபிசி ஐடியை டிஜிலாக்கர் வழியாக எடுக்கலாம். அது ஆதாரில் உள்ள பெயரையே எடுத்துக்கொள்ளும் என்பதால், பெயர் பொருந்தாவிட்டால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். சான்றிதழை மாற்றுவது பெரும்பாடு. ஆதாரை சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவதே சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளில் இருமுறைதான் மாற்ற முடியும் என்பதால், எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். ஓடிபி வரும் செல்பேசி எண்ணும் நடப்பில் இருக்கட்டும்.

இக்னோவில் சேர்ந்த பிறகு பெரியவர்களைக் கவிழ்ப்பது பாடமல்ல, தேதிகள். ஆண்டுக் கட்டணம் கட்டிவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். அதேபோல இரண்டாம் ஆண்டுக்கு மறுபதிவை நீங்களேதான் செய்ய வேண்டும். முதலாண்டில் தாள்கள் நிலுவையில் இருந்தாலும் மறுபதிவு செய்யலாம். 'எல்லாம் பாஸ் ஆகட்டும்' என்று காத்திருந்தால் ஒரு வருடம் வீண்.

அடுத்தது ஒப்படைப்பு, அதாவது அசைன்மென்ட். மதிப்பெண்ணில் பொதுவாக 30 சதவீதம் இதற்கு, 70 தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வில் 90 வாங்கினாலும் ஒப்படைப்பு வராவிட்டால் அந்தத் தாள் முடியாது. கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய கேள்விக்கு விடை எழுதிக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தலைப்பில் உள்ள ஆண்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். மதிப்பெண் ஏறாமல் போனால் அதுதான் உங்கள் சாட்சி.

நேரக் கணக்கு: பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி நேரம் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஆண்டுக்கு 40 கிரெடிட் என்றால் 1,200 மணி நேரம், வாரத்துக்கு 23. கடை வேலையோடு இது நடக்காது. தினமும் ஒன்றரை மணி, வார விடுமுறையில் மூன்று மணி என்றால் வாரத்துக்கு 12 வரும். அதற்கேற்ப ஓராண்டுத் தாள்களை இரண்டு ஆண்டுகளின் ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்குப் பிரித்து எழுதுங்கள். கணக்குப்பதிவியல் தாளை முதலில் வையுங்கள். பேரேடும் ரொக்கப் புத்தகமும் உங்களுக்குப் பழக்கமானவை.

இன்னொன்று, கை. இருபது ஆண்டுகளாகப் பில்லும் டேலியும் பார்த்த கைக்கு மூன்று மணி நேரத் தேர்வில் முதல் முக்கால் மணியிலேயே மணிக்கட்டு வலிக்கும். விடை தெரிந்தும் கடைசிக் கேள்வியை விடுவது இதனால்தான். ஒப்படைப்பைக் கையால்தான் எழுத வேண்டும், அதையே பயிற்சியாக்குங்கள். ஒரே அமர்வில் முதல் வாரம் 30 நிமிடம், பிறகு வாரம் பத்துப் பத்து நிமிடம் கூட்டினால், நான்கு மாதத்தில் மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிடலாம்.