ஏரி தெரியும் 5 சென்ட்: முன்பணம் கொடுத்தாயிற்று, பதிவு செய்யலாமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் ஏரியைப் பார்த்தாற்போல உள்ள ஓர் ஏக்கர் பூண்டுத் தோட்டத்தில் 5 சென்ட் வாங்க 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துள்ளேன். சீசனில் வாடகைக்கு விடச் சிறு விடுதி கட்ட எண்ணம். அங்கீகாரம் இல்லாத மனை என்றாலும், 'பிரிபடாத பாகம்' என்று எழுதினால் பதிவாகிவிடும் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: பதிவாகலாம், ஆனால் அதில் நீங்கள் நினைத்த விடுதியைக் கட்ட முடியாது. பிரிபடாத பாகமாக எழுதும்போது உங்களுக்குக் கிடைப்பது அந்த ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு உரிமை மட்டுமே. எந்த 5 சென்ட் என்பதைப் பத்திரம் சொல்லாது. என்னிடம் வந்த இப்படிப்பட்ட பத்திரம் ஒன்றில் நான்கு எல்லைகளும் முழு ஏக்கருக்கு உரியவையாக இருந்தன. வாங்கியவருக்குத் தரகர் கல் நட்டுக் காட்டிய மூலை அதில் எங்கேயும் இல்லை. பட்டாவும் கூட்டுப் பட்டாவாகவே இருக்கும், அதைக் கொண்டு நீங்கள் தனியாகக் கட்டட அனுமதி கேட்க முடியாது.

மே மாதத்து வெயிலில் ஜீப்பில் அழைத்துப் போய் ஏரியைக் காட்டி, அன்று மாலையே முன்பணம் வாங்கும் தரகர்களிடம் தயவுசெய்து எச்சரிக்கையாக இருங்கள். "ஹாகா அனுமதி பிறகு வாங்கித் தருகிறேன்" என்பார்கள். ஹாகா என்பது மலையிடப் பாதுகாப்புக் குழுமம்; அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவுக்கு அனுமதி முதலில் வர வேண்டும், விற்பனை பிறகுதான். "கட்டடம் வேண்டாம், கூடாரம் போடலாம்" என்பதும் பொறிதான்; கூடாரங்களையும் அதிகாரிகள் அகற்றுகிறார்கள். 2019-இல் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலில் அனுமதியற்ற வணிகக் கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டதை மறந்துவிடாதீர்கள்.

தரகர் அடுத்து ஒரு விதிவிலக்கைச் சொல்வார், அதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தாலும், 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி விற்கலாம். ஆனால் முன்பு பதிவானது வீட்டுமனையாக இருக்க வேண்டும். தோட்டமாகக் கைமாறிய நிலத்துக்கு இது பொருந்தாது. இப்போது விற்பதும் அதே மனையாகவே இருக்க வேண்டும். பெரிய துண்டிலிருந்து வெட்டிக் கொடுத்தால் பொருந்தாது. எல்லாம் பொருந்தினாலும் கிடைப்பது பதிவு மட்டுமே. வரன்முறைப்படுத்தாமல் கட்டட அனுமதி கிடையாது. உங்களுடையது பூண்டுத் தோட்டம். இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கட்ட முடியாத நிலத்துக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுக்கும் அரசு, அதே நிலத்தில் செங்கல் வைத்தால் வேறொரு அலுவலகத்திலிருந்து அறிவிப்பு அனுப்புகிறது. 'இங்கே கட்டட அனுமதி கிடைக்காது, தெரியுமா?' என்று பதிவு மேசையிலேயே ஒரு வரி எழுதிக் கேட்டால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பும். ஆண்டுக்கணக்கில் இதைச் சொல்லிச் சலித்துவிட்டேன்.

நீங்கள் இந்தப் பதிவை நிறுத்துங்கள். அ-பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்க விவரம் மூன்றையும் அரசு இணையதளங்களில் நீங்களே பாருங்கள். அ-பதிவேட்டில் நிபந்தனைப் பட்டா, அதாவது அரசு நிபந்தனையோடு வழங்கிய நிலம், என்று இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். மனைப்பிரிவு அங்கீகார எண்ணை எழுத்தில் தரும்படியும், இல்லையெனில் முன்பணத்தைத் திருப்பித் தரும்படியும் தரகருக்கு அல்ல, நில உரிமையாளருக்கே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பணம் அனுப்பிய ரசீதின் நகலையும் இணைத்துவிடுங்கள்.