கழற்றி எறியும் கவுன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். கொரோனாவுக்கு முன்பு ஆபரேஷன் தியேட்டரில் பச்சைத் துணிக் கவுன்தான். துவைத்து, ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) மறுபடி கட்டுவோம். இப்போது வார்டு வரை எல்லாமே ஒருமுறை போட்டு எறிவது. ஷிஃப்ட் முடிவதற்குள் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பை நிரம்பிவிடுகிறது. மனம் கேட்கவில்லை. கேட்டால், "இன்ஃபெக்‌ஷன் வந்தால் யார் பொறுப்பு?" என்கிறார்கள். துணிக்குத் திரும்புவது அவ்வளவு ஆபத்தா?

ஒரு செவிலியர், திருச்சி

அன்புள்ள சிஸ்டர்,

என் அம்மா ஒன்பது நாள் வார்டில் இருந்தபோது இதை நானும் பார்த்தேன். பி.பி. பார்க்க வருபவருக்கு ஒரு ஜோடி கையுறை, சாப்பாட்டுத் தட்டை எடுப்பவருக்கு ஒரு ஜோடி. அந்த நீலக் கவுனைத் தொட்டால் துணி மாதிரியே இருக்கும். ஆனால் அதில் நெசவே கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிப்ரொப்பிலீனை உருக்கி, இழையாக இழுத்து, படியவைத்து அழுத்திய பிளாஸ்டிக் அது. பத்து நிமிடம் உடம்பில் இருந்துவிட்டு எரியுலைக்குப் போகிறது.

நிர்வாகத்தின் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. பழைய பருத்திக் கவுன் ரத்தத்தை உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். நான் சொல்வது நெருக்கமாக நெய்த, ஈரம் புகாத பாலியெஸ்டர் கவுன். 75 முறை வரை துவைத்துப் போடலாம். வார்டில் போடும் கவுன்களை வைத்து 2018இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. துவைக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும், துவைத்துப் போடும் கவுனால் திடக்கழிவு 93 சதவீதமும், பசுங்குடில் வாயு 30 சதவீதமும், தண்ணீர்ச் செலவு 41 சதவீதமும் குறைவு.

அவ்வளவு தூரம் போவானேன், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறதே! துணிக் கவுன்களைத் துவைத்து, கிருமிநீக்கம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒரு கண்புரை அறுவைக்கு வெளியாகும் கரியமில வாயு சுமார் 6 கிலோ. பிரிட்டனில் ஆவதில் இருபதில் ஒரு பங்குதான் என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. கவுன் மட்டுமே காரணமில்லை, எதையும் வீணடிக்காத முறை முழுவதும் காரணம். தொற்றும் அங்கே மிகக் குறைவு. நிர்வாகத்திடம் பேச இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

கையுறைக்கு நிர்வாகத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018இல் செவிலியர்களே முன்னின்று, தேவையில்லாத இடத்தில் கையுறையை விட்டு, கை கழுவுவதை வலியுறுத்தினார்கள். ஒரே வருடத்தில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சம்.

ஒன்று மட்டும். சலவை சரியில்லை என்றால் துணிக் கவுன் நிஜமாகவே ஆபத்துதான். 65 டிகிரியில் பத்து நிமிடம், இல்லை 71 டிகிரியில் மூன்று நிமிடம் என்பது பிரிட்டனின் விதி. உங்கள் துணிகள் எங்கே போகின்றன, என்ன சூட்டில் துவைக்கிறார்கள், கிழிசலை யார் பார்க்கிறார்கள்? ரத்தம் தோய்ந்த துணியைப் பிரித்துப் போடுபவருக்குக் கையுறை இருக்கிறதா? அந்தச் சலவை அறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.