ஆளைக் காப்பது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா? வீட்டு வயரிங் கேள்வி பதில்

அறைக்கு ஒரு எம்.சி.பி. போட்டாகிவிட்டது. "ஆர்.சி.சி.பி. எதுக்கும்மா, சும்மா சும்மா ட்ரிப் ஆகும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– வாசகி, கோவிலம்பாக்கம்

கேட்காதீர்கள். எம்.சி.பி. என்ற தானாக விழும் ஸ்விட்ச் இருப்பது வயர் சூடாகி எரியாமல் தடுக்க. ஆர்.சி.சி.பி. இருப்பது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்க. ஈரக் கையோடு கெய்சரைத் தொடும் ஆளை அதற்குத் தெரியாது. ஈரமான உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடம்பு வழியே ஓடுவது 0.23 ஆம்பியர். உயிரைப் பறிக்க இது தாராளம். ஆனால் பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பதே இதைவிட அதிகம் என்பதால், 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது.

"எர்த் போட்டிருக்கிறோமே" என்று சொல்வார்கள். எர்த் பிட்டின் (எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி) தடை 5 ஓம் என்றால், கெய்சருக்குள் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) அதன் உலோக உடம்பைத் தொடும்போது ஓடுவது 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர். 20 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ (ட்ரிப் ஆக) 100 முதல் 200 ஆம்பியர் தேவை. 46-க்கு அது சூடேறித்தான் விழும்; ஒரு நிமிடத்தை ஒட்டியும் ஆகலாம். அதுவரை கெய்சர் உடம்பில் மின்சாரம் நிற்கும். ஆர்.சி.சி.பி.யோ ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது முகப்பில் 0.03 ஆம்பியர் (அதாவது 30 மில்லி ஆம்பியர்) என்று இருக்கிறதா பாருங்கள். 0.1, 0.3 என்று இருப்பவை தீ விபத்தைத் தடுக்க. ஆளைக் காக்கப் போதாது. இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு 'ஏசி' (AC) வகை ஆர்.சி.சி.பி.யைவிட 'ஏ' (A) வகை நல்லது. ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. கவனிக்காது, எனவே எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கிறது. எர்த் அறுந்து கிடந்தாலும் அது வேலை செய்யும்.

இரண்டு படுக்கையறை வீடு. இரண்டு ஏ.சி., ஒரு கெய்சர். எல்லாவற்றுக்கும் 2.5 வயரே போதும் என்கிறார் கான்ட்ராக்டர். குறைந்தபட்சம் என்னென்ன கேட்க வேண்டும்?
– வாசகர், அம்பத்தூர்

லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கெய்சர் ஒவ்வொன்றுக்கும் டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) தனியாக 4. 'மெட்டீரியல் லிஸ்ட்'டில் 3/20, 7/20 என்று பழைய கணக்கில் எழுதியிருந்தால், முதலாவது சுமார் 2 சதுர மி.மீ., இரண்டாவது சுமார் 4.6.

2.5 வயர் ஏ.சி.யைத் தாங்காது என்பதில்லை. 30 டிகிரி வெப்பத்தில், சுவருக்குள் ஓடும் பைப்பில் அது ஏறக்குறைய 24 ஆம்பியர் தாங்கும். சென்னை மே மாதத்தில், மொட்டைமாடி தளத்துக்குள் போகும் பைப்பில் 40 டிகிரி என்றால் அது 21-க்கு இறங்கும். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் போனால் 17 அளவில் நிற்கும். அந்த வயருக்கு 25 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் முதலில் உருகுவது வயர்தான். எம்.சி.பி. எப்போதும் வயர் தாங்குவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்: 1.5-க்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20.

வயரிங்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 732-இன்படி ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயின்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் கூடாது. உங்கள் வீட்டுக்கு மூன்று லைட் சர்க்யூட் வையுங்கள். ஒன்று விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது. சர்க்யூட் ஒவ்வொன்றுக்கும் அதன் நியூட்ரல் தனியாக டி.பி. வரை வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே நியூட்ரலை இழுத்து வயர் மிச்சம் பிடிப்பது இங்கே சர்வ சாதாரணம், பின்னாளில் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுவதற்கு முக்கால்வாசி இதுதான் மூலம். பச்சை எர்த் வயர் எல்லா பிளக்குக்கும் ஃபேனுக்கும் போக வேண்டும்.

சமையலறையில் 6 ஆம்பியர் பிளக் ஒன்று, 16 ஆம்பியர் பிளக் இரண்டு என்பது தேசிய மின் நெறித்தொகுப்பின் பரிந்துரை, ஃபிரிட்ஜுக்குத் தனி. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் நான்கும் உள்ள வீட்டுக்கு இன்னும் இரண்டு வையுங்கள். பிளக் போதாத வீட்டில்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நிரந்தரமாகக் குடியேறுகிறது.

பூச்சு வேலைக்கு முன் பைப்புகளையும் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவியில் வயரின் இன்சுலேஷன் தடையை அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழ் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வேலை செய்பவரிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் (வயர்மேன்) சான்றிதழ் இருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

மழை வந்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. வந்தவர் அதை 'பைபாஸ்' செய்துவிட்டுப் போய்விட்டார். இப்போது பிரச்சினை இல்லை. இப்படியே விடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. சொல்லிக்கொண்டிருந்த கருவியைத்தான் அவர் ஊமையாக்கியிருக்கிறார். இன்றே பழையபடி மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எது ஏறும்போது விழுகிறதோ, அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. கேட் லைட், மொட்டைமாடி பல்ப், காலிங் பெல், ஏ.சி.யின் வெளி யூனிட், மோட்டார் கேபிளில் டேப் சுற்றிய ஜாயின்ட் என்று வெளியில் நனையும் இடங்களை முதலில் பாருங்கள்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். மெயினை நிறுத்தி நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்துதான் இதைப் பிடிக்க முடியும். கம்பியாள் செய்ய வேண்டிய வேலை. யு.பி.எஸ். வைத்த பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால், அதன் நியூட்ரல் வேறு சர்க்யூட்டோடு கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளி லைட்டுகளுக்கும் மோட்டாருக்கும் தனியாக ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த கருவி) போட்டால் மழைநாளில் அந்தப் பகுதி மட்டும் விழும்.

வெள்ளத்தில் மூழ்கிய எம்.சி.பி.யைக் காயவைத்துப் போடலாமா?
– வாசகர், முடிச்சூர்

கூடாது. சேறு உள்ளே தங்கி, தேவையான நேரத்தில் விழாது. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., மூழ்கிய பிளக், ஸ்விட்ச் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வயரை மெக்கரில் அளந்த பிறகே மெயினை ஏற்ற வேண்டும். டி.பி.யை 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் உங்கள் சுவரில் விட்ட கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்து ஃப்ளாட். எர்த் பைப் துருப்பிடித்திருக்கிறது. உப்பும் கரியும் போட்டால் போதுமா?
– வாசகி, திருவான்மியூர்

உப்பு தடையைக் குறைக்கும், இரும்பையும் தின்னும். உங்கள் பக்கத்துக் காற்றே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. குழியின் மேலே எர்த் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அரித்துப்போயிருக்கும். பைப்பே போய்விட்டால், செம்பு பூசிய ராடும் பென்டோனைட் களிமண் கலவையும் போடுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்தான் என்றால் உள்விட்டம் 38 மி.மீ.க்கும் நீளம் 2.5 மீட்டருக்கும் குறையாமல், கட்டடத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இறக்க வேண்டும். தடையை மண் காய்ந்திருக்கும் மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். நவம்பரில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.

சமையலறையில் 20 வாட் எல்.இ.டி. டியூப் இருந்தும் காய் நறுக்குமிடம் இருட்டாக இருக்கிறதே?
– வாசகி, மயிலாப்பூர்

டியூப் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நிழல் மேடைமேல் விழுகிறது. அளவும் போதவில்லை. சமையலறைக்கு 200 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி, லூமெனில்), சிங்க்குக்கு 300 என்பது பரிந்துரை. 8-க்கு 10 அடி அறை என்றால் பரப்பு 7.4 சதுர மீட்டர். அதை 200-ஆல் பெருக்கினால் சுமார் 1,500 லூமென். சுவரும் கரும்புகையும் பாதியைத் தின்றுவிடும் என்பதால் 3,000 லூமென் வேண்டும். உங்கள் டியூப் தருவது ஏறக்குறைய 2,000. மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, 10 வாட் பட்டை லைட் ஒன்றைத் தனி ஸ்விட்ச்சோடு போடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். சூட்டில் அதன் டிரைவர் (லைட்டுக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்) சீக்கிரம் போய்விடும்.