பிரஷர் கொப்பியோடு வந்த கேள்விகள்

ஹட்டன் பக்கத்து கிளினிக் ஒன்றில் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உயர் இரத்த அழுத்தம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா: முதலில் 160/100 இருந்தது. மாத்திரை போட்டு இப்போது 130/80. தலைவலிகூட இல்லை. நிறுத்திவிடலாமா? கிளினிக் போகும் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும்.

அம்மா, 160 இருந்தபோது மட்டும் தலை வலித்ததா? இல்லையே. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல்தான் இது இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கிறது. 130 என்று காட்டுவது மாத்திரையின் வேலை. நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும். பேர் போகிற வருத்தம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டால் எந்தக் கையால் கொழுந்து எடுப்பது? அளவு நிலையாக இருந்தால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து மருந்து தர முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. இன்னொன்று: உடம்பு வலிக்கிறதென்று கடையில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் நம் தோட்டத்து லயன் வீடுகளில் அதிகம். அது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும்.

தலவாக்கலை, ஆட்டோ ஓட்டும் தம்பி: கிளினிக்கில் 150, வீட்டு மெஷினில் 128. எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வைத்தியரைக் கண்டாலே சிலருக்கு ஏறும். மேடேறி மூச்சிரைக்க வந்து உடனே கையை நீட்டினாலும் ஏறும். குளிரிலும் சற்றுக் கூடும். நுவரெலியாப் பக்கத்தவர்கள் இதை மறக்கக் கூடாது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தேநீரும் புகையிலையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் அளந்து எழுதிக் கொண்டுபோங்கள். கிளினிக்கில் 140/90, வீட்டில் சராசரியாக 135/85: இவற்றைத் தொட்டால் உயர் அழுத்தம் என்பார்கள்.

பதுளையிலிருந்து: உப்பைக் குறைத்தால் ரொட்டியும் சம்பலும் எப்படி இறங்கும்?

முதல் இரண்டு வாரம் இறங்காதுதான்! பிறகு நாக்கு பழகிவிடும். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு. ரொட்டி மா, சம்பல், கருவாடு, சூப் கட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ரொட்டிக்கு உப்புப் போட்டால் சம்பலுக்குப் போடாதீர்கள். தேசிக்காயைக் கூடுதலாகப் பிழியுங்கள். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினாலும் உப்பு முழுதாகப் போகாது, ஆகவே அது எப்போதாவது போதும்.

மஸ்கெலியாவிலிருந்து: எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல்.

அந்த மருந்துக்கு அது தெரிந்த பக்கவிளைவு. சொன்னால் லொசார்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார்கள். அம்லோடிபினால் கால் வீங்கினாலும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தினமும் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கும் வருமா?

வரும். நடை நல்லதுதான், ஆனால் உப்பையும் சாராயத்தையும் பரம்பரையையும் அது துடைத்துவிடாது. முப்பத்தைந்து தாண்டினால் நோயில்லாவிட்டாலும் அளந்து பாருங்கள்.

இராகலையிலிருந்து: மருமகளுக்கு ஏழு மாதம். நேற்று 150/95. முகம் வீங்கியிருக்கிறது, தலைவலி. பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் சகஜம் என்கிறார்கள்.

கால் வீக்கம் சகஜமாக இருக்கலாம். இந்த அளவோடு முகவீக்கமும் தலைவலியும் சேர்வது சகஜமல்ல. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான கர்ப்பகால அழுத்தமாக இருக்கக்கூடும். மருத்துவிச்சி வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், வலிப்பு வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கர்ப்பவதிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.