கத்திரி வெயிலும் பயாஸ் பிரீசெட்டும்: ஆம்ப்ளிஃபயர் கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்தில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லாருமே ஒரே மாதிரி சர்க்யூட்டைத்தான் கட்டுகிறார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசி, பிடி, டிஐபி, 2எஸ் என்று தொடங்குவதெல்லாம் டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். இன்புட்டில் பிசி556 ஜோடி. அடுத்து வோல்டேஜைப் பெருக்க ஒரு பிடி139. டிரைவராக டிஐபி41சி, டிஐபி42சி. அவுட்புட்டில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஒரு ஜோடி, ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். பயாஸுக்குத் தனியாக இன்னொரு பிடி139, கூடவே 1 கே பிரீசெட், அதாவது திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர். சப்ளை 24-0-24 டிரான்ஸ்பார்மரிலிருந்து பிளஸ் மைனஸ் 33 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 40 முதல் 50 வாட் வரை கிடைக்கும்.

காட்பாடி, பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, பயாஸ் வைக்காமலே என் போர்டு பாடுகிறது. ஹீட்டும் இல்லை. பிறகு எதற்கு பயாஸ்?

சத்தமாக வைத்தால் பாடும் தம்பி. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு வால்யூமைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். குரல் கரகரவென்று, மணல் கலந்த மாதிரி வரும்.

டிரான்சிஸ்டர் பேஸில் ஏறக்குறைய 0.6 வோல்ட் வந்தால்தான் திறக்கும். அலையின் மேல்பாதியை என்பிஎன், கீழ்பாதியை பிஎன்பி பார்த்துக்கொள்கிறது. ஒன்று மூடி மற்றது திறப்பதற்குள் நடுவில் ஒரு வெற்றிடம் விழுகிறது. கட்டட வேலையில் செங்கல் கை மாறும்போது, இவர் விடுவதற்கு முன்பே அவர் பிடித்திருக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். பயாஸ் என்பது இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்தபடியே இருக்கச் செய்யும் ஏற்பாடு. உங்கள் சர்க்யூட்டில் இரண்டு டிரைவர், இரண்டு அவுட்புட், மொத்தம் நான்கு ஜங்ஷன், ஒவ்வொன்றுக்கும் அந்த 0.6 வோல்ட். ஆகவே பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் 2.4 வோல்ட் அளவில் நிற்க வேண்டும்.

பெரிய சத்தத்தில் இந்த வெற்றிடம் அலையில் ஒரு சிறு பங்குதான், காதில் படாது. சின்ன சத்தத்தில் அதுவே பெரும்பங்கு. பயாஸ் இல்லாத ஆம்ப்ளிஃபயர் திருவிழாவுக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது.

ஆற்காடு: ஒருவர் 20 மில்லி ஆம்பியர் என்கிறார், இன்னொருவர் 100 என்கிறார். எத்தனை வைக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும்?

0.22 ஓம் ரெசிஸ்டரோடு, ஒரு ஜோடி அவுட்புட்டுக்கு நான் சொல்வது 50 மில்லி ஆம்பியர். கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு எமிட்டர் ரெசிஸ்டரிலும் ஏறக்குறைய 26 மில்லி வோல்ட் விழும்போது கைமாறல் மிகச் சீராக இருக்கும். 0.22 ஓமுக்கு அது 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும். ஏசி அறையில் கேட்பவர் வைத்துக்கொள்ளட்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம்ம ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், எனக்கு 50 போதும். 50-க்கும் 100-க்கும் காதில் தெரியும் வித்தியாசம் குறைவு, டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கில் தெரியும் வித்தியாசம் அதிகம்.

வைக்கும் முறையைச் சொல்கிறேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள், இன்புட்டை ஷார்ட் செய்யுங்கள். பிரீசெட்டை பயாஸ் மிகக் குறைவாக வரும் பக்கம் திருப்பி வையுங்கள். எந்தப் பக்கம் என்பதைப் பவர் போடுவதற்கு முன்பே மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்துவிடலாம். பிரீசெட் பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருந்தால், ஓம் அதிகமாக இருக்கும் பக்கமே பாதுகாப்பான பக்கம்.

உங்கள் போர்டில் பிரீசெட் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் இருந்தால் அதை மாற்றிக் கட்டுங்கள், சோம்பல் படாதீர்கள். பிரீசெட்டின் நடுக்கால் அழுக்குப் பிடித்து ஒரு நொடி விட்டுப்போனாலும் பயாஸ் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளும், அவுட்புட் இரண்டும் முழுசாகத் திறந்து சேர்ந்தே போகும். எமிட்டர் பக்கம் இருந்தால் அதே பழுதில் பயாஸ் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம், கரண்ட் லைனில் 60 வாட் பல்பை சீரியலில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் சரி. மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் கால்களிலும் ஆளுக்கொரு முனையை வையுங்கள். நடுவில் இருப்பது 0.44 ஓம். 22 மில்லி வோல்ட் வந்தால் 50 மில்லி ஆம்பியர். பல்பு இருக்கும்போது சப்ளை தாழ்ந்திருக்கும், அதனால் முதலில் 10 மில்லி வோல்ட்டோடு நிறுத்துங்கள். பல்பை எடுத்துவிட்டு நேரடியாகப் போட்டு 22-க்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் சூடேற விட்டு மறுபடி பாருங்கள். கடைசியாகத் திருத்துவது எப்போதும் சூட்டில்தான். மார்கழிக் காலையில் ஆறிய சிங்க்கில் வைத்த அளவை நம்பிக் கேபினெட்டை மூடிவிடாதீர்கள்.

சோளிங்கர்: சீரியல் பல்பு போட்டேன், ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காகவே வேலை செய்யவில்லை. பல்பு விட்டுவிட்டு மின்னுகிறது.

எல்ஈடி பல்பு போட்டிருப்பீர்கள். பழைய குண்டு பல்புதான் வேண்டும், இழை சூடானால் தடை ஏறும் என்பதுதான் அதன் பயனே. 60 அல்லது 100 வாட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். டையோடு அல்லது கெபாசிட்டர் தலைகீழாக இருக்கும், இல்லையென்றால் டிரான்சிஸ்டருக்கும் சிங்க்குக்கும் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு கிழிந்து டிரான்சிஸ்டரின் முதுகு சிங்க்கைத் தொட்டிருக்கும். 2எஸ்சி5200-இன் முதுகே கலெக்டர், அதை மறக்க வேண்டாம்.

குடியாத்தம், மைக் செட் தொழில்: கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் என் செட் மாலை வரை நன்றாக ஓடியது. பிறகு ஒரே நேரத்தில் இரண்டு அவுட்புட்டும் போய்விட்டன. புதிதாகப் போட்டேன், மறுநாள் அதுவும் போனது. நான்கு 8 ஓம் பாக்ஸ் போட்டிருந்தேன். பயாஸ் டிரான்சிஸ்டர் போர்டிலேயே நிற்கிறது.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது அண்ணா. இரண்டு குறை, இரண்டும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன.

முதலாவது பயாஸ் டிரான்சிஸ்டர். சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒரு டிரான்சிஸ்டர் திறப்பதற்குத் தேவையான வோல்டேஜ் ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் குறையும். சிங்க் 40 டிகிரி சூடேறினால் இரண்டு அவுட்புட்டுக்கும் சேர்த்து 160 மில்லி வோல்ட். பயாஸ் டிரான்சிஸ்டர் சிங்க்கில் இருந்தால் அதுவும் சூடாகி, தானாகவே பயாஸைக் குறைத்துக் கொடுத்திருக்கும். போர்டில் காற்று வாங்கிக்கொண்டு நின்றால் அதற்கு எதுவும் தெரியாது. காலையில் வைத்த 50 மில்லி ஆம்பியர் சாயங்காலம் 200-ஐத் தாண்டியிருக்கும். பிளஸ் மைனஸ் சேர்ந்த 66 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் என்றால் 3.3 வாட் சூடு, 200 என்றால் 13 வாட். அந்தச் சூடு இன்னும் திறக்கும், திறந்தால் இன்னும் சூடு. எமிட்டர் ரெசிஸ்டர் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், முழுதாகக் காப்பாற்றாது.

அந்த பிடி139-ஐக் கழற்றி மூன்று ஒயர் நீட்டி, இரண்டு அவுட்புட்டுக்கும் நடுவில் சிங்க்கிலேயே மைக்கா வைத்து திருகிவிடுங்கள். ஒயர் கைவிரல் நீளத்துக்குள் இருக்கட்டும். சிங்க்கின் ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று அங்கே திருகுவதில் பயனில்லை.

இரண்டாவது லோடு. நான்கு 8 ஓம் பாக்ஸை பேரலலில் போட்டால் 2 ஓம். ஆம்ப்ளிஃபயரில் மிகுந்த சூடு வருவது முழு வால்யூமில் அல்ல, நடு வால்யூமில். அந்த இடத்தில் 33 வோல்ட் சப்ளைக்கு 8 ஓமில் ஏறக்குறைய 28 வாட் சிங்க்குக்குப் போகும். 2 ஓமில் 110 வாட். அதுவும் வைகாசி முதல் தேதி வெயிலில், தகரப் பந்தலுக்குக் கீழே. 150 வாட் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்வது டிரான்சிஸ்டரின் உடம்பு 25 டிகிரியில் இருக்கும்போது மட்டும்தான். குடியாத்தத்தில் 25 டிகிரியை எங்கே தேடுவது?

இரண்டிரண்டு பாக்ஸாக சீரியலில் போட்டு, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேருங்கள். மறுபடி 8 ஓம் வந்துவிடும், நான்கும் பாடும். சத்தம் போதாது என்றால் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் கட்டுங்கள், இதையே கசக்கிப் பிழிய வேண்டாம். திருவிழா செட்டுக்கு பயாஸை 20, 25 மில்லி ஆம்பியரில் வைத்தாலும் தப்பில்லை. கூட்டத்தில் யாரும் கரகரப்பைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை.

ராணிப்பேட்டை: 30-0-30 டிரான்ஸ்பார்மர் கையில் இருக்கிறது. இதே போர்டுக்குப் போடலாமா?

வேண்டாம். 30-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 42, இரண்டு பக்கமும் சேர்ந்து 84 வோல்ட். பிடி139 தாங்குவது 80. ராத்திரி லைன் 250-க்கு ஏறும் தெருக்களில் அது 90-ஐத் தொடும். 24-0-24, 5 ஆம்பியர், செம்புக் கம்பியில் சுற்றியதாக வாங்குங்கள், இரண்டு சேனலுக்குப் போதும். ஃபில்டர் கெபாசிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10,000 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட்டுக்குக் குறையாமல். 35 வோல்ட் கெபாசிட்டர் பகலில் தப்பிக்கும், ராத்திரியில் ஊதிவிடும்.

வாணியம்பாடி: ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கினாலும் டூப்ளிகேட் டிரான்சிஸ்டர்தான் மாட்டுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 இரண்டிலும் போலி மிக அதிகம். எழுத்து, லோகோ எதையும் நம்ப முடியாது. ஒன்று செத்துப்போனால் தூக்கி எறியாமல் உடைத்துப் பாருங்கள். உள்ளே சிலிக்கன் சில்லு மிளகளவே இருந்தால் அந்தச் சரக்கு முழுவதும் சந்தேகம். மீட்டரில் வைத்தால் போலியும் நல்லதாகவே காட்டும், லோடில்தான் சாயம் வெளுக்கும். விலை பாதிக்குப் பாதி குறைவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் சந்தேகமான 5200-ஐ விட ஒழுங்கான டிஐபி35சி, டிஐபி36சி ஜோடி மேல். 100 வோல்ட் தாங்கும், இந்த சப்ளைக்குத் தாராளம். கால் வரிசையும் அதேதான். பயாஸை மட்டும் புதிதாக வையுங்கள்.

ஆரணி, தறி நெய்பவர்: பட்டு நெய்யும்போது பாட்டுக் கேட்கத்தான் கட்டினேன் சார். பாட்டை விட ஹம் அதிகம். எர்த் பின்னை எடுத்துவிட்டால் குறைகிறது, எடுத்துவிடலாமா?

எர்த்தை எடுக்கவே கூடாது. டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுப்போனால் 230 வோல்ட் பெட்டிக்கு வரும், உங்கள் கை பெட்டியில் இருக்கும்.

முதலில் இன்புட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். ஹம் நின்றால் குறை வெளியே, கேபிளிலோ பாட்டு வரும் கருவியிலோ. நிற்கவில்லை என்றால் உள்ளே. எர்த்தை எடுத்தால் குறைகிறது என்று சொல்வதால் உங்களுடையது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் ஒயர்கள் வளையமாகச் சேர்ந்து ஹம்மை இழுப்பது என்றே நினைக்கிறேன். இரண்டு ஃபில்டர் கெபாசிட்டர்களும் சேரும் இடத்திலிருந்து ஒரு குட்டி ஒயர் இழுத்து ஒரு புள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் கிரவுண்ட், போர்டு கிரவுண்ட், பெட்டி எர்த் எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குத் தனித்தனி ஒயரில் வரட்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக் கூடாது. இன்புட் சாக்கெட் பெட்டித் தகரத்தைத் தொடாமல் வாஷர் போடுங்கள். இன்புட் கிரவுண்டை போர்டு கிரவுண்டோடு 10 ஓம் வழியாகச் சேருங்கள்.

இதற்கு மேலும் மெல்லிய ஊம் சத்தம் இருந்தால் டிரான்ஸ்பார்மரை இன்புட்டிலிருந்து தள்ளி வைத்து, கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

சத்துவாச்சாரி, இயற்பியல் ஆசிரியை: பயாஸ் பூஜ்யத்தில் இருந்தும் சிக்னல் இல்லாமலே சிங்க் சூடாகிறது. பாட்டும் சுமாராக வருகிறது. என்னிடம் ஆஸிலோஸ்கோப் இல்லை.

ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஆஸிலேட் ஆகிறது டீச்சர், காதுக்கு எட்டாத அலைவரிசையில். அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் தொடராக இருக்குமே, பவரை அணைத்த உடனே அந்த 10 ஓமைத் தொட்டுப் பாருங்கள். பாட்டே இல்லாமல் அது கொதித்தாலோ கருகியிருந்தாலோ வேறு சாட்சி வேண்டாம்.

வோல்டேஜைப் பெருக்கும் பிடி139-இன் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 100 பிகோ ஃபாரட் இருக்கிறதா, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா பாருங்கள். போர்டுக்கு வரும் பிளஸ், மைனஸ் இரண்டிலும் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கு நீள ஒயர் இழுத்திருந்தால் அதைக் குறைப்பதுதான் முதல் வேலை. இது நிற்கும் வரை பயாஸைத் தொட வேண்டாம், மீட்டர் காட்டும் எண் எதுவும் உண்மையாக இருக்காது.

வாலாஜாபேட்டை: முதல் முறை கட்டுகிறேன். நேராக இதையே கட்டலாமா, ஐசி போர்டு வாங்கலாமா?

பாட்டுக் கேட்க மட்டும்தான் என்றால் டிடிஏ7294 ஐசி போதும். பயாஸ் உள்ளேயே இருக்கிறது, திருகுவதற்கு ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இதையே கட்டுங்கள்.

அணைக்கட்டு: எல்லாம் முடிந்தது, பயாஸும் 22 மில்லி வோல்ட்டில் நிற்கிறது. இப்போது ஸ்பீக்கர் கொடுக்கலாமா?

ஒரு அளவு பாக்கி இருக்கிறது. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம். சில நூறு மில்லி வோல்ட் இருந்தால் இன்புட்டில் இருக்கும் பிசி556 இரண்டும் பொருந்தவில்லை, அல்லது ஃபீட்பேக், அதாவது அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழியில் இருக்கும் கெபாசிட்டர் கசிகிறது. முழு 33 வோல்ட்டும் நின்றால் அவுட்புட்டோ டிரைவரோ ஷார்ட், இல்லையென்றால் ஃபீட்பேக் எங்கேயோ அறுந்திருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் டிசிக்கு ஏறக்குறைய 6 ஓம்தான், 33 வோல்ட் போனால் 180 வாட் சூடு. காயில் புகையும் வாசனை வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

டிசி வந்தால் அறுத்துவிடும் ரிலே போர்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள், ஆன் செய்யும்போது வரும் டப் சத்தமும் நிற்கும். ஆனாலும் முதல் நாள் நல்ல ஸ்பீக்கரை எடுக்காதீர்கள். பரணில் கிடக்கும் பழைய டிவி ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டு, வால்யூமை அடக்கி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் டிசியையும் பயாஸையும் இன்னொரு தடவை அளந்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.