தையல் இருக்கட்டும், ராத்திரி ஏன் நாலு தடவை எழுகிறீர்கள்?

கேள்வி: வயது 43. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். முன்தோல் வெடித்து வெடித்து இறுகிப்போனதால் கிளினிக்கில் சுன்னத் செய்துகொண்டேன். 26 நாளாகிவிட்டது. தையல் தானாக விழும் என்றார்கள். அடிப்பக்கம் மூன்று இன்னும் அப்படியே நிற்கிறது, ஊதா நூல். ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக எழும்போதெல்லாம் கைலியில் மாட்டி இழுக்கிறது. நகவெட்டியால் வெட்டிவிடலாமா? மனைவியிடம் கட்டி எடுத்ததாகத்தான் சொன்னேன். தெரிந்தால் மதம் மாறிவிட்டேன் என்று அவள் வீட்டில் பேசுவார்கள்.

பதில்: நகவெட்டியைக் கீழே வையுங்கள், தம்பி. ஊதா நூல் பொதுவாக மெல்லக் கரையும் வகை. முழுதாகக் கரைய 56 முதல் 70 நாள்கூட ஆகும். வெளியே தெரியும் முடிச்சு கரையாது, உள்ளே இருக்கும் இழை இற்றுப்போனால்தான் உதிரும். அடிப்பக்கத் தையல் கடைசியாக விழுவதும் வழக்கம்தான். தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்காருங்கள், ஒற்றித் துடையுங்கள், வாஸ்லின் மெல்லிசாகத் தடவுங்கள், கைலிக்குப் பதில் இறுக்கமான உள்ளாடை போடுங்கள். டெட்டாலும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். அதற்கும் விழாவிட்டால் தையல் போட்ட இடத்துக்கே போங்கள். முடிச்சைத் தூக்கி ஒரு பக்க இழையை மட்டும் வெட்டி உருவ அவர்களுக்கு ஐந்து நிமிடம். நீங்களே இழுத்தால் தோல் கிழியும். ரொம்ப நாள் விட்டுவைத்தாலோ நூலை ஒட்டியே தோல் வளர்ந்து சின்னச் சின்னத் துளையாக நின்றுவிடும்.

தையல் கதை அவ்வளவுதான். நாலு தடவை எழுகிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்கு வருவோம். 43 வயதில், வெடித்து வெடித்து இறுகிய முன்தோலோடு, ஒருவர் ராத்திரி நாலு தடவை எழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விடும். சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு வரும், அதனால்தான் அடிக்கடி போகிறது. முன்தோலுக்குள் தங்கும் அந்த இனிப்புச் சொட்டில் பூஞ்சை செழிக்கும். அரிக்கும், வெடிக்கும், வெடிப்பு ஆறித் தழும்பாகும், தழும்பு இறுகும். ஆபரேஷனுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்த்தார்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் அறுத்ததோடு ஒன்றும் தீரவில்லை. சர்க்கரை கூடி இருந்தால் புண் மெதுவாகத்தான் ஆறும், சீழும் சீக்கிரம் வைக்கும்.

வெட்டிய இடத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் படலத்தைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், அது புண் ஆறும்போது படிகிற படலம்தான். சிவப்பு பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இப்போது மனைவி விஷயம். மதம் மாறிவிட்டான் என்று பேசுவார்களாம்! மருத்துவக் காரணத்துக்காகத் தோலை எடுப்பதற்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம்? மாமியார் வீட்டு வாய்க்குப் பயந்து கட்டிய மனைவியிடம் பொய் சொல்கிறீர்கள். உங்களிடம் பூஞ்சை இருந்திருந்தால் அவருக்கும் அரிப்பு இருக்கலாம். அவரும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கலாம். எப்படியும் ஆறு வாரம், அதுவும் புண் முழுதாக ஆறும் வரை, தாம்பத்தியம் கூடாது. காரணம் சொல்லாமல் முதுகைத் திருப்பிப் படுத்தால் அவர் என்ன நினைப்பார்? வீட்டில் தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி விழுகிறது என்பதும் அவருக்குத்தானே தெரியும்! உங்களுக்கு இனிப்பு நீர் என்றால் உலை வைக்கும் கைக்குத் தெரியாமல் எப்படி?

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். முந்தின ராத்திரியிலிருந்து எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், மைலோ உட்பட. வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி சோதனையில் (HbA1c) 6.3 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் மலேசியாவில் இனிப்பு நீர் என்றே எடுத்துக்கொள்வார்கள். உறுதிப்படுத்த இன்னொரு முறை ரத்தம் எடுக்கலாம். இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலையில் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் அங்கேயே விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.