கடற்காற்றில் நிற்கும் சிற்பங்கள்: கேள்வி பதில்

கேள்வி (முத்தியால்பேட்டை): ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிற்பம் சார், எட்டே மாதத்தில் பழுப்புக் கறை. எப்படி?

பதில்: கறை எங்கே என்று குனிந்து பாருங்கள். மேற்பக்கத்தை மழை கழுவிவிடும். அடிவயிறு, மடிப்பின் உட்புறம், வெல்டிங் ஓரம், இங்கெல்லாம் உப்பு தங்கும். பனி ஈரம் பட்டதும் அதிலுள்ள குளோரைடு, ஸ்டீலைத் துருவிலிருந்து காக்கும் குரோமியம் ஆக்ஸைடு படலத்தை ஊசிமுனை அளவுக்குத் துளைக்கும். ஸ்டீலில் 304 தரம் கடலோரத்துக்கு ஆகாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும். காந்தத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயால் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியை ஒட்டிப் பிடித்தால் சில நொடியில் தெரிந்துவிடும்.

316 என்று தெரிந்தும் கறை வந்தால் மெருகைச் சந்தேகியுங்கள்: சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் வந்த நீலக் கறையைப் பிக்ளிங் செய்து, அதாவது அமிலப் பேஸ்ட் பூசிக் கரைத்து, எடுத்திருக்கவும் வேண்டும். அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. பழகிய பட்டறைக்காரர் மட்டுமே தொடலாம். பாத்ரூம் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக், வியாதியையே மருந்தாகக் கொடுத்த மாதிரி.

கேள்வி (தேவனாம்பட்டினம்): வெண்கலத்தில் பச்சைக் களிம்பு. தேய்த்து எடுக்கலாமா?

பதில்: இறுகிப் பிடித்த களிம்பு கவசம், விட்டுவிடுங்கள். விரலில் வெளிர்பச்சை மாவாக ஒட்டினால்தான் கவலை. அந்த இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் அலசி, மேலே படிந்த கடலுப்பை நீக்குங்கள். இல்லையென்றால் சோதனை பொய் சொல்லும். பிறகு குழியின் அடியிலிருந்து கடுகளவு சுரண்டி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். தயிர்போல் வெள்ளையாகத் திரண்டால் உள்ளே குளோரைடு. அது ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி மறுபடி செம்பைத் தின்னும், நிற்காது.

குழியை மூங்கில் குச்சியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தை எத்தனாலில் 3 சதவீதம் கரைத்துப் பூசுங்கள். கையுறை கட்டாயம். மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. அதைக் கடலோரத்தில் வருடம் இருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். கழுவ உப்பேறிய போர் தண்ணீர் எடுக்காதீர்கள்.

கேள்வி (பரங்கிப்பேட்டை): ஃபைபர் சிலையைத் தொட்டால் கையில் வெள்ளைத் தூள்.

பதில்: வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியெஸ்டர் ரெசினை உடைக்கிறது. கண்ணாடி இழை வெளியே தெரியும் முன் தேய்த்து மறுபூச்சு கொடுத்தால் போதும். விரிசலில் செம்பழுப்புக் கோடு ஒழுகியிருந்தால் கதை வேறு: உள்ளே கட்டிய இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து ஃபைபர் மேலோட்டைப் பிளக்கிறது. அந்த இடத்தைத் திறந்து கம்பியை மாற்றாமல் மேலே பட்டி பூசினால் மறுபடியும் அங்கேதான் பிளக்கும்.